மூன்று விநாடியில் மறைந்த படகு

இன்று புயல் எச்சரிக்கை.

கடலில் இருக்கும் படகுகளின் பட்டியலை ராயபுரம் படகு சங்கத்துக்காக வெப் பக்கமாகச் செய்திருந்தேன். கரை சேர்ந்த படகைச் சங்கத்தார் டிக் செய்தால், பெயர் மூன்று விநாடியில் மெல்ல மங்கி மறையும். அழகுக்காக எழுதிய ஜாவாஸ்கிரிப்ட்.

என் பிரவுசிங் சென்டரில் மேரி அக்கா பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவர் புருஷன் படகின் பெயர் மறைந்தது.

"நைனா, எங்க வூட்டுக்காரரு படகு இன்னா ஆச்சு?" என்றவர் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"கரைக்கு வந்துட்டாருக்கா" என்றேன். சொல்லும்போதே எனக்குச் சந்தேகம். சங்கத்தில் யாராவது பெயர் மாற்றி டிக் செய்திருந்தால்?

பத்து நிமிடம் கழித்துப் புருஷனே செல்போனில் பேசினார். "கரையில வலைய இறக்கிகினு கீறேன்."

மறைக்கும் வரியை எடுத்துவிட்டேன். வந்த படகு இனி பச்சையில் நிற்கும்.

உயிரோடு திரும்பியவரை மறைத்துக் காட்ட எனக்கு எப்படித் தோன்றியது, யாராவது சொல்லுங்கள்.