காலுறைக்குள் ஒரு பினோ நுவார்

கொர்வோ கிராமத்தில் ஒடெத்தைத் தெரியாதவர்கள் இல்லை. அவள் வாய்க்குப் பயப்படாதவர்களும் அநேகமாக இல்லை. வயது ஐம்பத்தெட்டு. இருபத்தாறு வருஷமாக முதலாளி முசியே தபூரேயின் திராட்சைத் தோட்டங்களில் வேலை. குளிர்காலத்தில் பழைய குச்சிகளைக் கழித்துக் கொடி வெட்டுவது, வசந்தத்தில் கம்பியில் கட்டுவது, மே மாதத்தில் வேண்டாத தளிரைக் கிள்ளுவது, எல்லாம் அவள் கைதான். வெட்டிய குச்சிகளைத் தள்ளுவண்டி மேலிருக்கும் பாதித் தகர டிரம்மில் போட்டு எரித்துக்கொண்டே வரிசை வரிசையாக நகர்வாள். புகை எழும்பும் இடத்தை வைத்தே, "ஒடெத் இன்னிக்கு மேட்டுப் பக்கம் இருக்கா, அந்தப் பக்கம் போகாதே" என்று ஆட்கள் சொல்லிக்கொள்வார்கள்.

தபூரேயின் நிலங்களில் ஒன்று, பழைய கல் சுவரை ஒட்டிய துண்டு. ஒரு ஏக்கர் இருந்தால் அதிகம். முழுக்கப் பினோ நுவார் என்ற கருந்திராட்சை. அதிலிருந்து வருஷத்துக்கு ஆயிரத்து ஐந்நூறு பாட்டில் கிடைத்தால் முதலாளி மீசையைத் தடவிக்கொள்வார். அத்தனையும் பெட்டிகளில் ஏறி வெளிநாட்டுக்குப் போய்விடும். ஊரில் ஒரு சொட்டுத் தங்காது. டிஜோன் நகரில் ஒரு கடையின் கண்ணாடிக்குள் ஒரே ஒரு பாட்டில் படுத்திருந்ததை ஒடெத் பார்த்திருக்கிறாள். விலை நானூற்று எண்பது யூரோ. "இதை வாங்குறவன் குடிப்பானா, கும்பிடுவானா?" என்று கேட்டுவிட்டு, பக்கத்துக் கடையில் காலுக்குக் கம்பளிச் செருப்பு வாங்கிக்கொண்டு வந்தாள்.

வருஷக் கடைசியில் தபூரே தன் ஆட்களுக்குத் தலைக்கு இரண்டு பாட்டில் சாதாரண ஒயின் தருவார். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் தான் வளர்த்த கொடியின் ஒயினை ஒடெத்தின் நாக்கு அறியாது. அதைக்கூட அவள் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை. அவள் தொண்டையில் மாட்டிக்கொண்டிருந்தது வேறு. ஒரு சொல்.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஒரு மார்ச் மாதம் ஜூன் மாதிரி காய்ந்தது. ஊரே கொடி வெட்டி முடித்துவிட்டது. ஒடெத் மட்டும் சுவரோரத் துண்டைத் தொடவில்லை. முற்றத்தில் பத்துப் பேர் நிற்கும்போது தபூரே அவளைப் பிடித்துக்கொண்டார்.

"எல்லாரும் முடிச்சாச்சு. நீ என்ன ஒடெத், கொடியோட கொஞ்சிக்கிட்டு இருக்கியா?"

"வெட்டினா மொட்டு முந்திக்கும் முசியே. ஏப்ரல்ல பனி விழுந்தா கருகிடும். ரெண்டு வாரம் போகட்டும்."

"சோம்பலுக்கு நல்லாக் காரணம் கண்டுபிடிக்கிறே!"

ஏப்ரல் ஏழாம் தேதி பனி உறைந்தது. விடிந்து பார்த்தால் ஊர்த் தோட்டங்களில் மொட்டெல்லாம் கையில் எடுத்து நசுக்கினால் டீத்தூள் மாதிரி உதிர்ந்தது. தாமதமாக வெட்டிய சுவரோரத் துண்டில் மொட்டு இன்னும் கண் திறக்கவே இல்லை. அதனால் பிழைத்தது. தபூரே வந்து பார்த்தார். முற்றத்துக்குத் திரும்பி, அதே பத்துப் பேர் முன்னால் அவள் முதுகில் தட்டினார்.

"அதிர்ஷ்டம்தான் ஒடெத், அதிர்ஷ்டம்!"

திட்டியிருந்தால்கூட மறந்திருப்பாள். இதை மறக்கவில்லை. அன்றிலிருந்து யாராவது அந்தச் சொல்லை எடுத்தால் அவளுக்குச் சுருக்கென்று கோபம் வரும். லாட்டரிச் சீட்டு வாங்குவதையே நிறுத்திவிட்டாள். அந்த மனுஷன் தன் வாயால் அந்தச் சொல்லை ஒருநாள் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

இந்தக் கிறிஸ்துமஸுக்கு மகள் எலோடி ஒஸ்லோவிலிருந்து வந்திருந்தாள். கூடவே நார்வேக்கார மாப்பிள்ளை ஸ்வெர்ரே. லிஃப்ட் பழுது பார்க்கிறவன், வாசற்படிக்குத் தலை குனிய வேண்டிய உயரம். பொய் சொன்னாலோ எதையாவது மறைத்தாலோ இரண்டு காதும் சிவந்துவிடும். வருஷத்தின் கடைசி ஞாயிறு மத்தியானம். ஒடெத்தின் கணவன் ரெமி காலையிலிருந்து மாட்டிறைச்சியைச் சிவப்பு ஒயினில் போட்டுக் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தான். சீஸ் வண்டி ஓட்டுகிறவன், எட்டு மணிக்கே மேஜையில் எடுத்து வைத்த சீஸ் வீடு முழுக்க வாடை பரப்பிக்கொண்டிருந்தது.

ஸ்வெர்ரே மாடியிலிருந்து ஒரு பாட்டிலோடு இறங்கி வந்தான். அதற்குத் தன் அம்மா பின்னிய சாம்பல் நிறக் கம்பளிக் காலுறையைக் கழுத்து வரை மாட்டியிருந்தான். கொர்வோ ஊர்ப் பழக்கம் அது. நல்ல பாட்டிலை யாரும் வெறுமனே மேஜையில் வைக்க மாட்டார்கள். காலுறையை மாட்டி, ஊற்றிக் கொடுத்து, யார் ஒயின், எந்த வருஷம் என்று கேட்பார்கள். வாயைத் திறந்து பதில் சொன்ன பிறகுதான் காலுறை கழலும்.

"குடிங்க அத்தே. என்னன்னு சொல்லுங்க."

ஒடெத் கோப்பையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். பின்னால் நின்ற ரெமியின் மூக்கு அதன் வழியாகத் தெரிந்தது. மெல்லிய சிவப்பு. மூக்கருகே கொண்டுபோனாள். பிறகு மாப்பிள்ளையின் காதைப் பார்த்தாள். இரண்டும் தக்காளி.

"சுவரோரத் துண்டு," என்றாள்.

ரெமி கரண்டியைப் போட்டுவிட்டான். "மோந்ததுக்கே தெரிஞ்சுடுச்சா உனக்கு?"

"ஒயின்ல ஒண்ணும் தெரியல. உன் மாப்பிள்ளை காதுல தெரியுது. வேற எந்தப் பாட்டிலுக்கு இவன் இப்படி முழிப்பான்?"

காலுறை கழன்றது. தபூரேயின் பெயர். கீழே வருஷம். அந்த வருஷமேதான். ஒடெத் நாற்காலியை இழுத்து உட்கார்ந்துவிட்டாள்.

"பைத்தியக்காரா! நானூத்தி எண்பது யூரோவா கொட்டினே? எலோடி, நீ பார்த்துக்கிட்டா இருந்தே?"

"இருநூத்தி முப்பதும்மா," என்றாள் எலோடி.

"கதை விடாதீங்க," என்றான் ரெமி. "நான் வந்தப்போ உங்க ஊர்ல ஒரு பியருக்குப் பத்து யூரோ புடுங்கினான். ஒரு காபிக்கு ஆறு. நம்ம வீட்டுல தெனம் குடிக்கிற ஒயின் இங்க அஞ்சு யூரோ. அங்க என்ன விலை?"

"பதினஞ்சு, மாமா."

"பாரு! அஞ்சு யூரோ சரக்குக்குப் பதினஞ்சு வாங்குற ஊர்ல, நானூத்தி எண்பது சரக்கை இருநூத்தி முப்பதுக்கா குடுப்பான்?"

ஸ்வெர்ரே பொறுமையாக விளக்கினான். அங்கே ஒயின் விற்பது அரசாங்கக் கடை மட்டும். வரி, பாட்டிலின் விலையைப் பார்த்துப் போடுவதில்லை, உள்ளே இருக்கிற சாராயத்தின் அளவைப் பார்த்துப் போடுவது. அஞ்சு யூரோ ஒயினுக்கும் அதே வரி, ராஜா குடிக்கிற ஒயினுக்கும் அதே வரி. கடையின் லாபமும் ஒரு அளவுக்கு மேல் போகக் கூடாது. அதனால் மட்டமான ஒயின் யானை விலை, உசத்தியானது மலிவு. இங்கேயோ ஒவ்வொரு கை மாறும்போதும் ஒவ்வொருத்தன் விலையை ஏற்றிவிடுகிறான்.

"ஆனா ஆளுக்கு ஒரு பாட்டில்தான் குடுப்பாங்க. விடியறதுக்கு முன்னாடி போய் வரிசையில நின்னேன். மைனஸ் பதினொண்ணு."

"ஏழைக்கு விலையேத்தி, பணக்காரனுக்குத் தள்ளுபடி! நல்ல அரசாங்கம்டா உங்க அரசாங்கம்," என்றான் ரெமி. ஆனால் கோப்பையை நீட்டிக்கொண்டேதான் சொன்னான்.

ஒடெத் அதற்குள் குடித்திருந்தாள். ஒரு வாய், வெகு நேரம் வாயிலேயே வைத்திருந்தாள். செர்ரிப் பழம் இருந்தது. மழை விட்ட பிறகு கொடியடியில் குனிந்தால் வரும் மண் வாசனை இருந்தது. விழுங்கிய பிறகும் போகாமல் நாக்கோரத்தில் ஒரு சின்னப் புளிப்பு நின்றது. அவளுக்குப் பெருமையாக இருந்தது. பெருமையோடு கோபமும் வந்தது. இதையா அந்த ஆள் அதிர்ஷ்டம் என்றார்?

அந்த நேரத்தில் வாசலில் கார் நின்றது. தபூரேதான். கையில் வழக்கமான இரண்டு பாட்டில், கழுத்தில் சிவப்பு ரிப்பன்.

ரெமி கண் இமைப்பதற்குள் காலுறையை மறுபடி மாட்டிவிட்டான்.

"வாங்க முசியே! சரியான நேரத்துக்கு வந்தீங்க. உட்காருங்க. இதைக் கொஞ்சம் சொல்லுங்க."

காலுறையைப் பார்த்ததும் தபூரேக்குக் கழற்றிய கையுறையை எங்கே வைப்பதென்றே தெரியவில்லை. இந்த விளையாட்டென்றால் மனிதர் சாப்பாட்டை விட்டுவிடுவார். கோப்பையைச் சுழற்றினார், முகர்ந்தார், சத்தத்தோடு உறிஞ்சினார், கண்ணை மூடினார். எலோடி சிரிப்பை அடக்க முடியாமல் சமையலறைக்குள் ஓடிவிட்டாள்.

"பினோ நுவார், சரி. வருஷம்... பனி விழுந்துச்சே, அந்த வருஷம்."

"ஆஹா!" என்றான் ரெமி. "யார் ஒயினு?"

"நம்ம ஊர் இல்ல. மலைக்கு அந்தப் பக்கம். இரு, இரு, ஒண்ணு கவனி." தபூரே விரலை உயர்த்தினார். "அந்த வருஷம் முதல் மொட்டு எல்லாருக்கும் போச்சு. ரெண்டாவது மொட்டுல வந்த பழம்தான். அதுல ஒரு பச்சை வாடை அடிக்கும். இதுல இல்ல. இது முதல் மொட்டு. கொடியை நாள் கடத்தி வெட்டியிருக்கான். வெட்டினவன் மகா கெட்டிக்காரன்!"

ஒடெத் ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே, வானிலை விசாரிக்கிற குரலில் கேட்டாள்.

"அதிர்ஷ்டமா இருக்கும், முசியே."

"அதிர்ஷ்டமா?" தபூரேக்குக் கோபமே வந்துவிட்டது. "என்ன பேசறே ஒடெத்! மார்ச்ல எல்லாரும் வெட்டறப்போ வெட்டாம நிக்கிறதுக்கு எவ்வளவு நெஞ்சழுத்தம் வேணும் தெரியுமா? முதலாளி திட்டுவான், ஊர் சிரிக்கும். இதுல அதிர்ஷ்டம் எங்கேர்ந்து வந்துச்சு? அப்படி ஒரு ஆள் எனக்குக் கிடைச்சா..."

ரெமி காலுறையை உருவினான்.

தபூரே தன் பெயரைப் படித்தார். வருஷத்தைப் படித்தார். மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டி மறுபடி படித்தார். சமையலறையிலிருந்து எலோடியின் சிரிப்பு மட்டும் கேட்டது.

"எனக்கே ஒண்ணும் மிச்சம் வைக்கலே," என்றார் கடைசியில், யாரிடமோ சொல்வதுபோல. "எல்லாத்தையும் வித்துட்டேன். அஞ்சு வருஷமா இதை நான் குடிக்கவே இல்ல. எங்கேர்ந்து கிடைச்சுது?"

"நார்வேலேர்ந்து," என்றான் ஸ்வெர்ரே. "இங்கத்து விலைக்குப் பாதி விலை."

அது அவர் காதில் ஏறியதாகத் தெரியவில்லை. காலிக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். பாட்டிலில் இன்னும் ஒரு கோப்பை இருந்தது. அது ஒடெத்தின் பங்கு என்று எல்லோருக்கும் தெரியும். அவள் எடுத்து, சரிபாதியாக அவருக்கும் தனக்கும் ஊற்றினாள்.

"குடிங்க முசியே. வெட்டினது நான். நிலம் உங்களுது."

அவர் குடித்தார். இந்தத் தடவை சுழற்றவும் இல்லை, உறிஞ்சவும் இல்லை. ரிப்பன் கட்டிய இரண்டு பாட்டிலையும் மேஜையில் வைக்கக் கூச்சப்பட்டு, வாசல் பக்கம் தரையில் வைத்துவிட்டுப் போனார்.

சொந்த ஒயினை அடுத்தவன் ஒயின் என்று சொல்லி மாட்டிக்கொண்ட கதை ஊருக்குள் சாயங்காலத்துக்குள் பரவிவிட்டது. ரெமி வீடு வீடாகப் போகவில்லை. ரொட்டிக் கடைக்கு ஒருமுறை போனான், அவ்வளவுதான்.

ஜனவரி இரண்டாம் வாரம். முற்றத்தில் ஆட்கள் கத்தரிகளோடு நின்றார்கள், தள்ளுவண்டி டிரம்மில் நெருப்புப் பிடித்துக்கொண்டிருந்தது. தபூரே எந்தத் துண்டுக்கு யார் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தவர், சுவரோரத் துண்டு வந்ததும் நின்றார். தொண்டையைக் கனைத்தார்.

"அஞ்சு வருஷத்துக்கு முன்னாடி இதே இடத்துல ஒரு வார்த்தை சொன்னேன். அது தப்பு. அதிர்ஷ்டம் எனக்குத்தான், ஒடெத் எங்கிட்ட வேலை செய்யறது." பிறகு அவள் பக்கம் திரும்பி, மற்றவர்களிடம் கேட்காத ஒரு கேள்வியைக் கேட்டார்.

"சுவரோரத் துண்டை எப்ப வெட்டப் போறே?"

ஒடெத் வானத்தைப் பார்த்தாள். அவசரமே படாமல் கையுறையை மாட்டினாள்.

"சொல்றேன் முசியே," என்று தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு மேட்டுப் பக்கம் நடந்தாள். போகிற வழியில் லாட்டரிக் கடையில் நின்று ஒரு சீட்டும் வாங்கிக்கொண்டாள்.