பச்சை டேப் ஒட்டிய ஹெல்மெட்

செம்பாக்கத்தில் எங்கள் வீட்டு ஆணியில் ஒரு மஞ்சள் ஹெல்மெட் தொங்குகிறது. உச்சியில் குறுக்காகப் பச்சை டேப் ஒட்டியிருக்கும். பிள்ளைகள் அதை எடுத்து விளையாடிவிட்டு எப்படியாவது மாட்டிவிடுவார்கள். நான் போய் உச்சி தெரிகிற மாதிரி திருப்பி மாட்டுவேன். ஏன் என்று சொல்கிறேன், கேளுங்கள்.

வடக்கே கடலோரத்தில் கப்பல் கட்டும் யார்டில் நான் கிரேன் ஓட்டுகிறேன். விடியுமுன் தாம்பரத்தில் ரயில் ஏறினால், இருட்டிய பிறகுதான் வீடு. மேலே என் கண்ணாடிக் கூண்டில் ஒருவர்தான் உட்கார முடியும். காலடியிலும் கண்ணாடி. கீழே கப்பல் வயிற்றைத் திறந்துகொண்டு கிடக்கும். ஆட்களுக்கு முகம் இருக்காது, மஞ்சள் பொட்டுகள்தான் நகரும். ஒருமுறை பருந்து ஒன்று எனக்குக் கீழே பறந்தது. அதைக் காட்ட ஆசையாய்த் திரும்பினேன். காட்ட யாருமில்லை.

அந்தப் பொட்டுகளில் பச்சைக் கோடு போட்டது எங்கள் சிக்னல் அண்ணன். கிரேன்காரன் தன் கண்ணை மட்டும் நம்பி இரும்பை இறக்கக் கூடாது. கீழே நிற்கும் ஒரே ஒருவரின் கையையும், வாக்கி டாக்கியில் வரும் அவர் குரலையும்தான் நம்ப வேண்டும். நான் தேடித் தவிக்கக் கூடாது என்றுதான் அவர் டேப் ஒட்டிக்கொண்டார். உயரம் என்றால் அவருக்குப் பயம், மேலே வந்ததே இல்லை. அதனால் வேலை சற்று நின்றால் போதும், கேட்பார்.

"தம்பி, மேல இன்னா தெரியுது?"

"கடல் ரெண்டு கலரா இருக்குண்ணா. தூரத்துல மழை வருது."

"உன் வூடு தெரியுதா?"

"செம்பாக்கம் எங்க, நாம எங்க! எங்க பக்கத்துத் திருநீர்மலைகூடத் தெரியலண்ணா."

"இம்மா ஒசரத்துல குந்திகினு மலை தெரியலன்ற. கண்ணாடிய தொடைப்பா!"

பகல் வெளிச்சத்தில் எங்கள் பக்கத்தைப் பார்க்க எனக்கிருந்த ஆசை அவருக்குத் தெரியும்.

ஒருநாள் கப்பலின் பெரிய துண்டு ஒன்று கொக்கியில் தொங்கும்போது மழை பிடித்துக்கொண்டது. காற்றில் இரும்பு ஆடியது. வாக்கி டாக்கி கரகரத்து நின்றுவிட்டது. கீழே எல்லாப் பொட்டுகளும் கையை ஆட்டின. மழையில் பச்சை தெரியவில்லை. தப்பான கையை நம்பினால் இரும்பு ஆட்கள் மேல் இறங்கிவிடும். அப்படியே நிறுத்திவிட்டேன். அப்போது ஒரு பொட்டு மட்டும் வெள்ளையானது. அண்ணன் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு, நரைத்த தலையோடு வெட்டவெளியில் தனியாக நின்றார். அந்தக் கை காட்டக் காட்ட, கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினேன். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. சேஃப்டி அதிகாரி திட்டியதற்கு, "தலை என்னுதுதான சார்" என்றார்.

போன மாதம் அவர் ஓய்வு பெற்றார். ஹெல்மெட்டை என்னிடம் கொடுத்து, "மலை தெரிஞ்சா சொல்லு" என்றார்.

நேற்றுக் காலை மழை கழுவிய வானம். தெற்கே வீடுகளுக்கெல்லாம் அப்பால் நீலமாக ஒரு மேடு. திருநீர்மலையா, பல்லாவரத்து மலையா தெரியாது. எங்கள் பக்கத்து மலை, அவ்வளவுதான். வாக்கி டாக்கி பட்டனை அழுத்தி, "அண்ணா, தெரியுது!" என்று கத்தினேன்.

"என்ன சார் தெரியுது? லோடா?" என்றது அண்ணன் இடத்துக்குப் புதிதாக வந்தவரின் குரல்.

"ஒண்ணுமில்ல. இறக்கவா?"

வேலை முடிந்ததும் அண்ணனுக்குப் போன் செய்தேன். சிரித்தார். பிறகு, "நான் இருந்த வரைக்கும் தெரியாதது நான் போனதும் தெரியுதா? ம்... நீ ஒண்ணொண்ணும் சொல்லச் சொல்ல, நான் எங்க கடலப் பாத்தேன், தம்பி? அண்ணாந்து உன் கூண்டத்தான் பாத்துகினு இருப்பேன்" என்றார்.

வீட்டுக்கு வந்தேன். ஹெல்மெட் தாறுமாறாகத் தொங்கியது. பச்சைக் கோடு தெரிகிற மாதிரி திருப்பி மாட்டினேன்.