பதினான்காம் மாடிக்கு நான்கு எல்லை

துபாயில் வெளிநாட்டுக்காரர்களும் முழு உரிமையோடு வீடு வாங்கலாம் என்று என் தங்கை போனில் சொன்னபோது நான் கேட்ட முதல் கேள்வி, "எவன் சொன்னான்?" என்பதுதான்.

எனக்கு வாய் அப்படித்தான் வரும். தருமபுரியில் பத்திரம் எழுதிப் பிழைக்கிறவன் நான். டீத்தண்ணீரில் நனைத்துப் பழசாக்கின கள்ளப் பத்திரத்தை மோந்து பார்த்தே கண்டுபிடித்திருக்கிறேன். செத்துப்போன ஆளுக்குப் பதிலாக அவருடைய சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து கையெழுத்துப் போடப் பார்த்தவனைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். சிரித்துக்கொண்டே நிலம் விற்கிறவனைக் கண்டால் எனக்கு ஆகாது. நிலத்தை விற்கிற மனுஷன் முகத்தில் கொஞ்சமாவது வருத்தம் இருக்க வேண்டாமா?

தங்கை அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். போய்ப் பதினேழு வருஷம் ஆகிறது. வாடகை வீடு மாற்றி மாற்றியே அவள் பெண் பத்தாவது வந்துவிட்டாள். இப்போது ஒரு பெரிய கட்டடத்தில் பதினான்காம் மாடியில் இரண்டு அறை வீடு ஒன்றைப் பார்த்து வைத்திருந்தாள். குத்தகை இல்லை, இத்தனை வருஷம் என்று கெடு இல்லை, சொந்தம். அதற்கான காகிதங்களை எல்லாம் எனக்கு அனுப்பி, "நீங்க பார்த்துச் சரின்னு சொன்னாத்தாங்கண்ணா கையெழுத்துப் போடுவேன்" என்றாள்.

எனக்குப் பெருமையாக இருந்தது, அதை மறைக்கப்போவதில்லை. கூடவே சந்தேகமும். இந்தப் பக்கம் ஒருவன் பக்கத்துத் தாலுக்காவிலிருந்து வந்து நிலம் கேட்டாலே, நீ யார், உன் அப்பன் யார் என்று விசாரிக்கிறோம். கடல் தாண்டி வந்த நர்ஸுக்கு ஒரு நாடு தன் மண்ணில் பங்கு எழுதித் தருகிறதாம். ஏன் தர வேண்டும்? அவர்களுக்கு என்ன நேர்ந்தது? காரிமங்கலம் சந்தையில் மாடு வாங்குகிறவன்கூட வாயைத் திறந்து பல்லைப் பார்க்கிறான். நானோ போனில் படம் பார்த்து ஒரு வீட்டுக்குச் சரி சொல்ல வேண்டும்.

நான் ஒரு மாதம் அவளைப் பாடாய்ப் படுத்தினேன். தாய்ப்பத்திரம் கேள் என்றேன். முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார் என்றேன். "முப்பது வருஷத்துக்கு முன்னாடி அங்க வெறும் மணலுதாங்கண்ணா" என்றாள். மணல் யாருடையது என்று கேட்டேன். நான்கு எல்லை எங்கே என்று கேட்டேன். வடக்கே யார், தெற்கே யார் என்று எழுதாத சொத்தை என் வாழ்நாளில் பார்த்ததில்லை. அவள் அந்த வீட்டுக்கே போய்ப் போனைச் சுற்றிக் காட்டினாள். வடக்கே நடைவழி, கிழக்கே ஒரு பிலிப்பைன்ஸ் குடும்பம், மேற்கே லிஃப்ட், தெற்கே ஒன்றுமே இல்லை, வெறும் ஆகாசம்.

"ஆகாசத்தை எல்லைன்னு எப்படி எழுதறது?" என்றேன்.

"அவங்க எழுதிட்டாங்கண்ணா. நம்பர் போட்டு ப்ளான் இருக்குது பாருங்க."

வீட்டை விற்றுத்தரும் ஏஜெண்டையும் ஒருநாள் வீடியோவில் காட்டினாள். டை கட்டிக்கொண்டு நல்ல தமிழ் பேசினான். என்ன கேட்டாலும் கோபப்படவில்லை. அதுவே எனக்குச் சந்தேகத்தைக் கூட்டியது. போனை வைத்ததும், அவன் காதில் யாரோ சொல்லிக்கொடுக்கிறார்கள் என்றேன். காதில் மாட்டியிருந்தது செவிட்டு மெஷின் என்று தங்கை சொன்னாள். வெட்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் சந்தேகம் போகவில்லை.

கடைசியில் அவளே அந்த ஊர் நிலப்பதிவு அலுவலகத்துக்குப் போய், கட்டடம், வீட்டு எண், விற்கிறவர் பெயர் எல்லாம் ஒத்திருக்கிறதா என்று நேரில் பார்த்துவிட்டு வந்தாள். ஒத்திருந்தது. விற்கிறவர் வேறொருவரிடமும் விலை பேசிக்கொண்டிருந்தார். ஞாயிறு மதியத்துக்குள் கையெழுத்துப் போடாவிட்டால் வீடு கைமாறிவிடும் என்ற நிலை.

அந்த ஞாயிறு காலைப் பூசை முடிந்து சர்ச்சிலிருந்து வந்ததும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, போனில் அவளைக் கூப்பிட்டு உட்கார்ந்தேன். தொழிலில் எனக்கு ஒரு கண்டிப்பு உண்டு. எழுதியதை முழுக்க வாய்விட்டுப் படித்துக் காட்டாமல் யாரையும் கையெழுத்துப் போட விடமாட்டேன். எழுதத் தெரிந்தவர், தெரியாதவர் எல்லோருக்கும் இதுதான். ஒப்பந்தத்தை ஒவ்வொரு வரியாகப் படித்து, அவளுக்குத் தமிழில் அர்த்தம் சொல்லி, எங்கே குழி வெட்டியிருக்கிறான் என்று தேடிக்கொண்டே போனேன். ஒரு மணி நேரம் ஆனது. ஒன்றும் அகப்படவில்லை. கடைசிப் பக்கத்தில் அவள் பெயர், இந்தியர் என்ற குறிப்பு, பங்கு முழுவதும் என்று இருந்தது.

"எதையாச்சும் விட்டுக்குடுக்கற மாதிரி வரி இருக்குதுங்களா?" என்று கேட்டாள்.

"இல்ல பாப்பா. எதுக்கு அப்படிக் கேக்கற?"

"இந்த மாதிரி எனக்கு நீங்க படிச்சுக் காட்டறது இதுதான் மொதத் தடவைங்கண்ணா" என்றாள்.

எனக்கு உடனே விளங்கிவிட்டது.

அப்பா உயில் எழுதாமல் போய்ச் சேர்ந்தார். அதியமான்கோட்டையில் ரோட்டை ஒட்டி ஒன்றரை ஏக்கர். அம்மா அவருக்கு முன்பே போய்விட்டாள், நாங்கள் இரண்டே பேர். சட்டப்படி அவளுக்குச் சரிபாதி என்பது வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரியும். அவள் கல்யாணமான மறு வருஷம், போர்வெல் போட பேங்கில் கேட்கிறார்கள், ஒரு கையெழுத்து வேண்டும் என்று கூப்பிட்டேன். கட்டிக்கொடுத்த பெண் தன் பங்கை விட்டு அண்ணனுக்கு விடுதலைப் பத்திரம் போட்டுக் கொடுப்பது இங்கே வழக்கம், அதில் யாருக்கும் கூச்சம் கிடையாது. பத்திரத்தை நானே எழுதினேன். படித்துக் காட்டவில்லை. பதிவாளர் அவளிடம், "எழுதியிருக்கறது தெரியுமாம்மா?" என்று கேட்டார். "அண்ணன் எழுதினதுங்க" என்றாள். அவருக்கு என்னைத் தெரியும், மேற்கொண்டு கேட்கவில்லை.

அதற்குப் பிறகு லீவில் வரும்போதெல்லாம் அவள் என் வீட்டில்தான் தங்கினாள். நன்றாகவே கவனித்தோம். ஒருமுறை அவள் பெண், "நம்ம வீடு எதும்மா?" என்று கேட்டது என் காதில் விழுந்தது. அவள், "தலைய ஆட்டாத" என்று குழந்தையின் பின்னலை இழுத்துக் கட்டினாள். பயணக் களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

"பாப்பா, தப்புப் பண்ணிட்டேன்" என்றேன். "பாதிய உம்பேருக்கு எழுதிடறேன். நாளைக்கே எழுதறேன்."

"நான் அதக் கேக்கலைங்கண்ணா. அந்தப் பத்திரம் கைக்கிட்ட இருக்குதுங்களா?"

பீரோவில் இருந்தது. எடுத்துவந்தேன்.

"அதையும் படிச்சுக் காட்டுங்க."

படித்தேன். நான்கு எல்லையும் ஒரு பிசகில்லாமல் எழுதியிருந்தேன். வடக்கே ரோடு, தெற்கே ஓடை. "மேற்படி சொத்தில் எனக்குள்ள சகல பாத்தியங்களையும் விடுதலை செய்துவிட்டேன். இனி எனக்கோ என் வாரிசுகளுக்கோ இதில் எவ்வித உரிமையும் இல்லை." இந்த இரண்டு வரியை எத்தனையோ தங்கைகளுக்கு ராகம் போட்டுப் படித்துக் காட்டியவன், அன்று இரண்டு தடவை நிறுத்தினேன். "படித்துப் பார்த்தும் படிக்கச் சொல்லிக் கேட்டும், முழுச் சம்மதத்துடன்" என்ற இடம் வந்ததும் குரல் சுத்தமாக எழவில்லை. ஒரு மாதமாக எங்கோ இருந்த ஏஜெண்டிடம் நான் தேடிய கள்ளத்தனம் அந்த ஒரு வரியில், என் கையால் எழுதிய எழுத்திலேயே இருந்தது.

அவள் அவசரப்படுத்தவில்லை. நான் மூச்சு வாங்கி முடிக்கும்வரை போனைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"உங்க எழுத்து முத்து முத்தா இருக்கும். அன்னைக்கு அதத்தான் பார்த்துட்டிருந்தேன்" என்றாள். பிறகு தாள் புரளும் சத்தம் கேட்டது. "சரிங்கண்ணா, இப்ப ரெண்டையும் கேட்டுட்டேன். இதுல போடட்டுங்களா?"

"போடு பாப்பா" என்றேன். "இதுல உம்பேரு மட்டுந்தான் இருக்குது."