ஆற்றங்கரையில் நின்று அப்பாவைத் தேடிய நாள்

மூன்று நாள் முதுகில் பையைச் சுமந்து காட்டுக்குள் நடந்தால், நான்காவது நாள் சும்மா கிடக்க வேண்டும். இது என் தோழி போட்ட சட்டம். அவள் அம்பாங் ஊர்க்காரி, என்னோடு ஒரே ஆபீஸில் வேலை செய்கிறவள், காடு மலை என்றால் பைத்தியம். நான் அப்படியில்லை. பிரிக்பீல்ட்ஸ் ஃபிளாட்டில் அப்பாவோடு இருக்கிறேன். அப்பாவுக்கு ஞாபகம் தவற ஆரம்பித்து நான்கு வருடமாகிறது. அந்த நான்கு வருடத்தில் ஓர் இரவுகூட நான் வெளியே தங்கியதில்லை. கம்போங் மேடானில் இருக்கும் தம்பி, "அஞ்சு நாள்தானேக்கா, நான் வந்து இருக்கேன், போயிட்டு வா லா," என்று சொன்ன பிறகுதான் தாமான் நெகாரா தேசியப் பூங்காவுக்குக் கிளம்பினேன்.

காட்டுக்குள் இருந்த மூன்று நாளும் போனில் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. முதல் நாள் அது என்னைப் பயமுறுத்தியது. இரண்டாவது நாள் மறந்தேபோனது. மூன்றாவது நாள், யாரும் என்னைக் கூப்பிட முடியாது என்பதே ஒரு சுகமாக இருந்தது. இதை இப்போது எழுதும்போதும் கூச்சமாகத்தான் இருக்கிறது.

நான்காவது நாள் காலை ஒன்பது மணிக்கு ஆற்றுக்குப் போனோம். அங்கே கரையோரம் மிதவைகளில் கட்டிப்போட்ட சாப்பாட்டுக் கடைகள் இருக்கின்றன. நாசி லெமாக் வாங்கிக்கொண்டு, தண்ணீரில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தோம். கால் விரல் இரண்டில் நகம் கறுத்திருந்தது. முட்டி மடங்க மறுத்தது. தோழி குளிக்கப் போகலாமா, படகில் போகலாமா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். அப்போதுதான் பையிலிருந்த என் போன் அடுத்தடுத்து அதிர்ந்தது. தம்பியிடமிருந்து பதினொரு தவறிய அழைப்புகள். கீழே ஒரே ஒரு செய்தி: "அக்கா, அப்பா வீட்ல இல்ல."

கூப்பிட்டேன். மூன்றாவது முறைதான் கிடைத்தான்.

"எப்பருந்துடா?"

"ஆறேகால் இருக்கும். குளிக்கப் போனேன்க்கா. பத்து நிமிஷம்கூட இல்ல. கிரில் கதவுல சாவிய விட்டுட்டேன்."

"சாவிய எடுத்து உள்ள வைன்னு எத்தன தடவ சொன்னேன்!"

அவன் மூச்சு வாங்குவது மட்டும் கேட்டது. போலீஸில் சொல்லிவிட்டானாம். கோவில், சந்தை, சென்ட்ரல் ஸ்டேஷன் எல்லாம் பார்த்துவிட்டானாம். பக்கத்து வீட்டு ஆன்டி ஃபிளாட் மாடிப்படிகளை ஒவ்வொன்றாக ஏறிப் பார்த்துக்கொண்டிருக்கிறாராம்.

நான் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. அப்பா முப்பது வருடம் போர்ட் கிள்ளானில் கன்டெய்னர் லோரி ஓட்டியவர். இப்போதும் சில காலைகளில் எழுந்து, "ஷிப்டுக்கு நேரமாச்சு," என்று சட்டை தேடுவார். சென்ட்ரலில் ரயில் ஏறினால் கடைசி ஸ்டேஷன் போர்ட் கிள்ளான். "அங்கதான் போயிருப்பாரு. நீ மோட்டார் சைக்கிள எடுத்துட்டு உடனே போ," என்றேன்.

"அக்கா, இங்க இன்னும் பின்னாடி சந்தெல்லாம் பாக்கல..."

"எனக்குத் தெரியும்டா அப்பாவ. போ!"

அவன் போனான்.

நாங்களும் கிளம்ப வேண்டும் என்று கரையேறி வேன்காரர் வீட்டுக்குப் போனோம். எங்களை மறுநாள் அழைத்துப் போக வேண்டிய வேன், காலையிலேயே வெள்ளைக்காரர்களை ஏற்றிக்கொண்டு ஜெராண்டுட் டவுனுக்குப் போய்விட்டது. வேன்காரரின் மனைவி எங்கள் முகத்தைப் பார்த்ததும் தன் புருஷனைப் போனில் கூப்பிட்டுப் பேசினார். "இரண்டு மணிக்குத் திரும்பி விடுவார். வந்ததும் உங்களைத்தான் முதலில் ஏற்றுவார்," என்று மலாயில் சொன்னார். வேறு கார் கிடைக்குமா என்று தோழி வீடு வீடாகக் கேட்டுவிட்டு வந்தாள். ஒருவரிடம் கார் இருந்தது, ஆனால் அவர் ஊரில் இல்லை.

எனவே காத்திருந்தோம். படகுத்துறைப் படிக்கட்டில், மேலிருந்து நான்காவது படியில் மட்டும் என் போனுக்கு லைன் கிடைத்தது. ஒரு படி இறங்கினால் போய்விடும். அந்தப் படியிலேயே நின்றேன். ஆட்கள் ஏறி இறங்கினார்கள். ஒரு சீனக் குடும்பம் பிள்ளைகளுக்கு லைஃப் ஜாக்கெட் மாட்டிவிட்டது. யாரோ என்னிடம் போனைக் கொடுத்து ஒரு படம் எடுக்கச் சொன்னார்கள். எடுத்துக் கொடுத்தேன். நன்றி சொன்னார்கள். சிரிக்கக்கூடச் செய்தேன். என் அப்பா எந்த ரோட்டில் நிற்கிறாரோ, நான் இங்கே நின்று படம் எடுத்துக் கொடுக்கிறேன்.

பதினொன்றே முக்காலுக்குத் தம்பி கூப்பிட்டான். ஸ்டேஷன், துறைமுக வாசல், பழைய கம்பெனி இருந்த இடம், அப்பா தேநீர் குடிக்கும் கடை எல்லாம் பார்த்தாகிவிட்டது. "இங்க இல்லக்கா," என்றான். நான் சாவியைப் பற்றி மறுபடியும் கத்தினேன். அவன் அழ ஆரம்பித்தான். நாற்பத்திரண்டு வயது ஆண் அப்படி அழுது நான் கேட்டதில்லை. தோழி என் கையிலிருந்து போனை வாங்கி, "தம்பி, நீங்க மெதுவா வீட்டுக்குத் திரும்புங்க, வேகமா ஓட்டாதீங்க," என்றாள்.

பன்னிரண்டே முக்காலுக்குப் பக்கத்து வீட்டு ஆன்டி கூப்பிட்டார்.

"கெடச்சுட்டாரும்மா! நம்ம பின்னாடி சந்துல, மளிகைக்கடை லோரி நிக்கும்ல, அதுக்குள்ள."

"உள்ளயா?"

"டிரைவர் சீட்டுல ஒக்காந்திருக்காரு. கதவு பூட்டல போல. கடைக்காரப் பையன் இப்பதான் வண்டி எடுக்க வந்து பாத்திருக்கான். சட்டையெல்லாம் தொப்பலா நனைஞ்சிருக்கு. தண்ணி குடுத்தா வாங்க மாட்டேங்கறாரு. எறங்கவும் மாட்டேங்கறாரு. ஸ்டீரிங்க புடிச்சிட்டு உடமாட்டேங்கறாரு."

வீட்டிலிருந்து அந்தச் சந்து ஐந்நூறு அடி இருக்காது. ஆறேகாலிலிருந்து பன்னிரண்டே முக்கால் வரை, கண்ணாடி ஏற்றிய லோரிக்குள், அந்த வெயிலில். பின்சந்தைப் பார்க்க இருந்தவனைப் போர்ட் கிள்ளானுக்கு விரட்டியது நான்.

ஆன்டி போனை அப்பா காதருகே வைத்தார்.

"அப்பா, நான்தான்பா."

"யாரு?"

பெயர் சொன்னேன். மகள் என்று சொன்னேன். "தெரியாது. வை," என்றார். ஆன்டியின் குரல் கெஞ்சியது. கடைக்காரப் பையன், "அங்கிள், ப்ளீஸ்," என்றான். பின்னால் வேறு வண்டி ஒன்று ஹாரன் அடித்தது.

என் வேலையே கிடங்கில் லோரிகளுக்கு நேரம் ஒதுக்குவது. தினமும் டிரைவர்களோடு பேசுகிறவள். எப்படித் தோன்றியதோ தெரியவில்லை, ஆபீஸ் குரலில் பேசினேன்.

"அண்ணே, ஆபீஸ்லேர்ந்து பேசுறேன்."

"ஆங், சொல்லும்மா."

"உங்க ட்ரிப் இன்னிக்கி கேன்சல்ண்ணே. கப்பல் வரல."

"இப்ப சொல்றீங்களா? காலையிலேர்ந்து லைன்ல நிக்கிறேன். ஒரு ஆளு வந்து பாக்கல."

"தப்புதாண்ணே. எங்க தப்புதான். மன்னிச்சிருங்க. நீங்க எறங்கி மொதல்ல தண்ணி குடிங்க. வீட்டுக்குப் போங்க."

"நாளைக்கு எத்தன மணிக்கு?"

"கூப்பிட்டுச் சொல்றேண்ணே."

"பேரு என்னம்மா?"

சொன்னேன். "நல்ல பேரு," என்றார். அத்தோடு லைன் அறுந்துவிட்டது.

நான் அந்தப் படியிலேயே உட்கார்ந்தேன். இறங்கினாரா இல்லையா என்று தெரியவில்லை. எழுந்து நின்றேன், போனை உயர்த்திப் பிடித்தேன், ஒரு படி ஏறினேன், இறங்கினேன். ஒன்றும் வரவில்லை. தோழி என் முதுகில் கையை வைத்தபடி நின்றாள். இருபது நிமிடம் கழித்து ஒரு படம் வந்தது. கடை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் அப்பா. காலில் செருப்பு இல்லை. கையில் இளநீர். யாரையும் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆன்டி கிளினிக்குக்கு அழைத்துப் போய் டிரிப் ஏற்ற வைத்தார். தம்பி நேராக அங்கே போய்ச் சேர்ந்தான். வேன்காரர் சொன்னபடி இரண்டு மணிக்கு வந்தார், தண்ணீர்கூடக் குடிக்காமல் வண்டியைத் திருப்பினார். நாலு மணி நேரப் பயணத்தில் நான் தூங்கவில்லை.

வீட்டுக்குள் நுழைந்தபோது ஆறு மணி தாண்டியிருந்தது. அப்பா டிவி முன்னால் உட்கார்ந்து தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். உதடு வெடித்திருந்தது. என்னைப் பார்த்து, "வேலை முடிஞ்சிருச்சாம்மா? சாப்புடு," என்றார். என்னைத் தெரிந்திருந்தது. காலையில் நடந்தது எதுவும் தெரிந்திருக்கவில்லை.

தம்பி சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தான். என் பக்கம் திரும்பவில்லை.

"நான்தான்டா உன்ன தப்பான எடத்துக்கு அனுப்புனேன்," என்றேன்.

"சாவிய விட்டது நான்தானே."

குழாயை மூடினான். "அக்கா, கிள்ளான்ல ஒரு முதியோர் இல்லம் இருக்காம். நம்ம ஆளுங்கதான் நடத்துறாங்க. சும்மா போயி பாத்துட்டு மட்டும் வருவோமா?"

முடியாது என்று சொல்ல வாயெடுத்தேன். சரி என்று சொல்லவும் தோன்றியது. "ஞாயித்துக்கெழம பேசுவோம்," என்றேன். அவன் தலையாட்டிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பினான்.

அதற்குப் பிறகு பல ஞாயிறு வந்து போய்விட்டது. தம்பி ஒவ்வொரு வாரமும் வருகிறான், அப்பாவுக்குச் சவரம் செய்துவிடுகிறான், சாப்பிடுகிறான். அந்த இல்லத்தைப் பற்றி அவன் கேட்கவில்லை, நானும் பேச்சை எடுக்கவில்லை.