பச்சை மை சொன்ன கொலைகாரன்

மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து திராட்சைக் கொடிக்கு மருந்தடித்த கையோடு புத்தகத்தைப் புரட்டினால், பக்கத்தின் ஓரத்தில் நீலமாக ஒரு கட்டைவிரல் பதியும். முகர்ந்தால் ஈரச் சுவரின் வாடை...

சின்னமனூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே டேவிட் அண்ணன் வைத்திருந்த வாடகைப் புத்தகக் கடையில், பாதி க்ரைம் நாவல்களில் அந்த நீல விரல் இருக்கும். கூடவே முதல் பக்கத்தின் மேலே, பச்சை மையில் ஒரு வரி.

"கொலை செய்தது தம்பிக்காரன்."

அப்போது நான் டிப்ளமோ முடித்துவிட்டு, ஒரு சொட்டுநீர்ப் பாசன கம்பெனியில் சர்வீஸ் ஆள். தேனியில் ஆபீஸ், ஓடைப்பட்டித் தோட்டங்களில் வேலை. பஸ் மாறுவது சின்னமனூரில். பஸ்ஸில் படிக்கத்தான் நாவல்.

முதல் தடவை அந்தப் பச்சை வரியைப் பார்த்ததும் பற்றிக்கொண்டு வந்தது.

"யாருண்ணே இவன்? முடிவை முன்னாலயே சொல்லிட்டா நான் என்னத்தப் படிக்க?"

"முடிச்சுட்டு வந்து கத்து, இன்ஜினியரு" என்றார் அண்ணன். தலையைக்கூடத் தூக்கவில்லை.

முடித்தேன். கொலைகாரன் தம்பி இல்லை, குடும்ப டாக்டர்!

அண்ணன் சிரித்தார். "கடைசி அத்தியாயத்துக்கு முன்னால நிறுத்தி, தன் கணக்கை எழுதுவாக. தப்பாப் போனாலும் அழிக்க மாட்டாக. அது அவுக வழக்கம்."

அவுக. ஆணா பெண்ணா என்றுகூடப் பிடி கொடுக்கவில்லை மனிதர்.

அடுத்த நாவலிலும் பச்சை மை தப்பு. ஆனால் சும்மா தப்பில்லை. கீழே காரணம் இருக்கும், பக்க எண் இருக்கும். பல சமயம் ஆசிரியர் வைத்த முடிவைவிட அந்தத் தப்பு முடிவுதான் கதைக்குப் பொருந்தும். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

ஒருநாள் பச்சை மை ஒரு அம்மாவைக் கொலைகாரி ஆக்கியிருந்தது. என் கறுப்புப் பேனாவை எடுத்தேன். "லாஜிக் இல்லை. அந்த அம்மா அன்றைக்கு மதுரையில் இருந்தார்."

அண்ணன் அந்தப் புத்தகத்தைத் தனியாக எடுத்து வைத்தார். அடுத்த வாரம் பதில் வந்தது. "மதுரை என்ன அமெரிக்காவா? ஒரு பஸ் ஏறினால் வந்துவிடலாம்."

அப்புறம் எங்கே விடுவது... நான் மறுக்க, பச்சை மை குத்த, மாதக்கணக்கில் ஓடியது. ஆளைக் கண்டுபிடித்தே ஆக வேண்டும் என்று எனக்கு வெறி. தடயம்தான் இருக்கிறதே, நீலக் கட்டைவிரல்! ஓடைப்பட்டியில் தோட்டம் தோட்டமாகப் போய் எல்லார் கையையும் பார்த்தேன். முதலாளி விரல் நீலம். மருந்தடிப்பவர் விரல் நீலம். டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் விரலும் நீலம். சாயங்காலம் பார்த்தால் என் விரலும் நீலம்.

அண்ணனிடம் வந்து விழுந்தேன். "சொல்லுங்கண்ணே, ஒரே ஒரு தடவை."

"ஏலே, கடைசிப் பக்கத்தக் கிழிச்சுக் கையில குடுன்னு கேக்குறியே! சொன்னா பெறவு இங்கன எதுக்கு வருவ?"

ஓசூரில் வேலை கிடைத்தது. கிளம்பும்போது அண்ணன் ஒரு நாவலைக் கொடுத்தார். "பொங்கலுக்கு வரும்போது குடு போதும். அவுகளும் பதிலுக்குக் காத்திருப்பாக."

முதல் பக்கத்தில் பச்சை மை: "வாட்ச்மேன். இருட்டில் தண்ணீர் கொண்டுவந்தானே."

ஓசூர் போகிற ராத்திரி பஸ் ஆண்டிபட்டி தாண்டும்போதே பேனாவை எடுத்து எழுதினேன். "தண்ணீர் கொடுத்தது ஒரு குற்றமா? வேறு ஆளைப் பாருங்கள்."

விடிவதற்குள் முடித்துவிட்டேன். வாட்ச்மேன்தான். வீட்டுக்குள் காலே வைத்ததில்லை என்று போலீஸிடம் சொன்னவன், கரண்ட் போன வீட்டில் எதிலும் இடிக்காமல் சமையலறைக்குப் போய்த் தண்ணீர் கொண்டுவந்திருக்கிறான். அந்தப் பக்கத்தை நானும் படித்தேன். வேகமாகப் படித்தேன்...

பச்சை மை முதல் தடவையாக ஜெயித்திருந்தது. என் கிண்டலுக்குக் கீழேயே எழுதினேன். "ஒத்துக்கொள்கிறேன். வாட்ச்மேன்தான்."

பொங்கலுக்குப் போனேன். கடை இருந்த இடத்தில் மொபைல் கவர் தொங்கியது.

"டேவிட் அண்ணன் அவுக மக வீட்டோட போயிட்டாக. எந்த ஊருன்னு தெரியல. புஸ்தகத்தப் பூரா எடைக்குப் போட்டுட்டாகண்ணே" என்றான் அங்கே இருந்த பையன்.

பச்சையும் கறுப்பும், எல்லாமே எடைக்கு.

இப்போது போனில் படிக்கிறேன். போன மாதம் மூன்று த்ரில்லர். ஒன்றில் சீரியல் கில்லருக்குச் சின்ன வயதில் அடி விழுந்ததாம், அதைச் சொல்லவே பாதிப் புத்தகம். இன்னொன்றில் எந்தப் பூட்டையும் லேப்டாப்பால் திறக்கும் ஒரு ஹேக்கர். எழுத்தாளருக்கு வழி தெரியாத இடத்திலெல்லாம் அவன் வருகிறான். மூன்றாவதில் ட்விஸ்ட்டுக்கு மேல் ட்விஸ்ட், கடைசியில் இதுவரை பெயரே வராத அண்ணன் ஒருவன் துபாயிலிருந்து இறங்கிக் கொலையை ஒத்துக்கொள்கிறான். மோட்டார் ஓடவில்லை என்றால் கோளாறு அந்த லைனுக்குள்தான் இருக்கும். துபாயில் இருக்காது.

ரிவ்யூவில் அதற்கு ஐந்து ஸ்டார். "ஸ்பாய்லர் சொல்லாதீங்க ப்ரோ" என்று நூறு பேர். திட்டி எழுதினால் லைக் விழுகிறது. பக்க எண் போட்டுச் சண்டைக்கு வர ஒரு ஆள் இல்லை.

நேற்று ஒரு புது நாவல். நாலாவது அத்தியாயத்தில் பெரிய மருமகள் போனை எடுக்கும் விதம் சரியில்லை... பச்சை மை இதை விட்டிருக்காது. கடைசி அத்தியாயத்துக்கு முன்னால் நிறுத்தினேன். போனில் எங்கே எழுதுவது? திருப்பிக் கொடுக்காத அந்த வாடகை நாவலை எடுத்து, "ஒத்துக்கொள்கிறேன்" என்பதற்குக் கீழே எழுதினேன்.

"என் கணக்கில் பெரிய மருமகள். உங்கள் கணக்கு?"

கடைசி அத்தியாயத்தை இன்னும் திறக்கவில்லை.