காதுக்கு மட்டும் வேலை

ஊர்ப் பேர் வேண்டாம். சொன்னால் இன்றைக்கும் அந்த மண்டிக்காரர் வீட்டு ஆட்கள் வரிந்துகட்டிக்கொண்டு வருவார்கள். திண்டுக்கல்லுக்குத் தெற்கே, கொடைரோடு போகிற வழியில், திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே இருந்த ஒரு ஊர் என்று வைத்துக்கொள்வோம். வருஷம் எண்பத்தாறு. அந்த ஊர் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் மானிட்டர் வேலை பார்த்தவள் சகாயசெல்வி.

சகாயசெல்விக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். பிறவிக் கோபம் என்று அவள் அம்மா சொல்வாள். பிறவியும் இல்லை, ஒன்றும் இல்லை. பள்ளிக்கூடத்தில் வந்த கோபம். அஞ்சாம் வகுப்பில் அவளைக் கிளாஸ் மானிட்டராகப் போட்டார்கள். டீச்சர் இல்லாத நேரத்தில் யார் யார் பேசினார்கள் என்று போர்டில் எழுதிவைக்க வேண்டும். எழுதினாள். பெரிய வீட்டுப் பிள்ளை ஒருத்தி பேசினாள், அவள் பேரையும் எழுதினாள். டீச்சர் வந்து அந்தப் பேரை மட்டும் துடைத்துவிட்டு, மிச்சப் பேரை எல்லாம் கூப்பிட்டு அடித்தார். துடைத்த இடத்தில் அதே பேரை மறுபடியும் எழுதினாள் சகாயசெல்வி. அவளுக்கும் நாலு அடி விழுந்தது, மானிட்டர் பதவியும் போனது. இம்புட்டுத்தான் விஷயம். ஆனால் அதை நினைத்தால் முப்பத்தெட்டு வயதிலும் அவளுக்குக் காது மடல் சுடும்.

எக்ஸ்சேஞ்சில் வருஷக்கணக்காக போர்டில் உட்கார்ந்த பிறகு அவளை மானிட்டர் ஆக்கினார்கள். அப்போது அந்த ஊர் போனில் நம்பர் சுற்றுகிற வட்டமெல்லாம் கிடையாது. வீட்டில் ரிசீவரைத் தூக்கினால் எக்ஸ்சேஞ்ச் போர்டில் அந்த வீட்டு நம்பருக்கு மேலே ஒரு சின்ன லைட்டு எரியும். போர்டில் இருக்கிற பெண் ஒரு வயரை அதில் செருகி, "நம்பர் ப்ளீஸ்" என்று கேட்டு, கேட்ட நம்பரில் இன்னொரு முனையைச் செருகிவிடுவாள். மானிட்டருக்கு இடம் இந்தப் பெண்களுக்குப் பின்னால். காதில் மாட்டிக்கொண்டு எந்த லைனுக்குள்ளும் சத்தமில்லாமல் நுழையலாம். பெண்கள் மரியாதையாகப் பேசுகிறார்களா, அரட்டை அடிக்கிறார்களா என்று கேட்டு எழுத வேண்டும். போன் பண்ணுகிறவர்கள் என்ன பேசினாலும் அது காதோடு போக வேண்டும், வாய்க்கு வரக் கூடாது. வேலைக்குச் சேரும்போதே சத்தியம் வாங்கிவிடுவார்கள்.

அங்கே மெக்கானிக்காக வந்து சேர்ந்தவன் முகமது பாரூக். விலங்கியல் படித்துவிட்டு ஸ்குரூ டிரைவரோடு அலைந்தவன். ஒருநாள் டீ குடிக்கும்போது, "அக்கா, இங்கிலீஷ்ல உடும்புக்கும் மானிட்டர்னுதான் பேரு" என்று சொல்லித் தொலைத்தான். போதாதா? மறுநாளிலிருந்து அவள் முதுகுக்குப் பின்னால் உடும்பக்கா ஆகிவிட்டாள். அவள் காதுக்குத் தப்பி அந்தக் கட்டிடத்தில் ஒரு பேச்சு நடக்குமா? கேட்டுவிட்டாள்.

"உடும்பு பிடிச்சா விடாது. அம்புட்டுத்தானே? சொல்லிட்டுப் போங்க" என்றாள். பிறகு என்ன நினைத்தாளோ, "ஆத்தூர்ல எங்க சித்தப்பா வீட்டுக்குப் போறப்ப பாத்திருக்கேன். டேம் பக்கத்துல உடும்பைப் பிடிச்சு, காலைப் பின்னிக் கட்டி, வாயையும் கட்டித் தோள்ல போட்டுக் கொண்டுபோவாங்க. உசுரு இருக்கும். கண்ணு மட்டும் முழிச்சுக்கிட்டே வரும்" என்றாள். பெண்கள் சிரிப்பதை நிறுத்திவிட்டார்கள்.

மூணு வருஷம் கழித்து பில் போட கம்ப்யூட்டர் வந்தபோது, அந்தக் கண்ணாடிப் பெட்டிக்கும் அதே பேர்தான் என்று பாரூக்கே வந்து சொன்னான். "இதுக்காவது மூஞ்சி இருக்கு, உள்ள இருக்கிறதை வெளிய காட்டுது. எனக்கு அந்த உரிமையும் இல்லை" என்றாள் சகாயசெல்வி. அவள் அப்படிச் சொன்னதற்குக் காரணம் எண்பத்தாறில் நடந்தது.

முப்பத்தேழாம் நம்பர் திராட்சை மண்டி மலைச்சாமியுடையது. முப்பத்தெட்டு அவர் வீடு. ஊரில் பெரிய மனிதர், கோயில் கமிட்டி, பள்ளிக்கூடக் கமிட்டி, எதை எடுத்தாலும் முன்வரிசை நாற்காலி. சாயங்காலம் மண்டியில் ஏலம் முடிந்து ஆட்கள் போன பிறகு அந்தப் பெரிய மனிதர் ரிசீவரைத் தூக்குவார். "நம்பர் ப்ளீஸ்" என்று பெண் குரல் கேட்டதும் ஆரம்பிப்பார். அவர் பேசியதை இங்கே எழுத முடியாது. எழுதினால் காகிதத்தை அடுப்பில் போட வேண்டியதுதான். நம்பர் சொல்ல மாட்டார், வைக்கவும் மாட்டார். அவராக வைக்காமல் வயரைப் பிடுங்கக் கூடாது என்பது ரூல். முப்பத்தேழு எரிந்தால் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்ப்பார்கள். கல்யாணமான ஒருத்தி பல்லைக் கடித்துக்கொண்டு எடுப்பாள், சின்னப் பெண்கள் காதில் அது விழ வேண்டாமே என்று.

அன்றைக்கு எடுத்தவள் ஜோதிமணி. சின்னாளப்பட்டி நெசவுக்காரர் வீட்டுப் பெண், இன்னும் வேலை நிரந்தரமாகவில்லை. அப்பாவுக்குக் கண் பார்வை மங்கி, தறி நின்றுபோய், அவள் சம்பளத்தில்தான் வீட்டில் உலை கொதித்தது. கொஞ்ச நேரம் கேட்டாள். பிறகு, "இதையெல்லாம் உங்க வீட்டுப் பொம்பளைங்ககிட்டப் போயிப் பேசுங்க" என்று சொல்லிவிட்டு வயரைப் பிடுங்கிவிட்டாள். பின்னால் காதில் மாட்டியபடி உட்கார்ந்திருந்த சகாயசெல்விக்கு எழுந்து போய் அந்தப் பிள்ளையைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. போகவில்லை.

மறுநாள் காலையிலேயே புகார் வந்துவிட்டது. ஆபரேட்டர் தன்னைக் கேவலமாகப் பேசிவிட்டாளாம், மலைச்சாமிக்கு மனசு நொந்துவிட்டதாம். ஆபீசர் சகாயசெல்வியைக் கூப்பிட்டார்.

"சகாயம், நேத்து நீங்க லைன்ல இருந்தீங்கல்ல? அந்தப் பொண்ணு பேசினதை எழுதிக் குடுத்துருங்க."

"அந்தாளு பேசினதையும் சேத்து எழுதுறேன் சார்."

"அது எப்படிங்க? சப்ஸ்கிரைபர் பேசுறது ரகசியம். நீங்க கேட்டதாவே காட்டக் கூடாது. ஆபரேட்டர் பேசினது மட்டும்தான் நம்ம விவகாரம்."

"அப்ப நான் ஒரு காதுல மட்டும்தான் கேட்டேன்னு எழுதணுமா?"

"ரூல் நான் போட்டதில்லைம்மா."

ஆபீசர் கெட்டவர் இல்லை, பயந்தவர். பயந்தவர்களால் வருகிற கெடுதல் கெட்டவர்களால் வருவதைவிட ஒரு மாத்திரை கூடவே இருக்கும். நாளைக்குச் சாயங்காலத்துக்குள் எழுதித் தரவில்லை என்றால் தானே எழுதி மேலே அனுப்பிவிடுவேன், ஜோதிமணியை அன்றோடு நிறுத்திவிடுவார்கள், உங்களுக்கும் மெமோ வரும் என்றார். சகாயசெல்வி நாற்காலியைத் தள்ளிய தள்ளில் அது சுவரில் போய் முட்டியது.

வெளியே ஜோதிமணி தாவணி முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

"அழாத. நீ அழுதா எனக்கு இன்னும் ஆத்திரமா வருது."

"எங்கப்பாகிட்ட என்னக்கா சொல்லுவேன்? வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கணும்."

"நாங்க அம்புட்டுப் பேரும் மூடிக்கிட்டுத்தானே இருந்தோம்? என்ன கிழிச்சோம்?"

அன்றைக்கு வீட்டுக்குப் போய் சகாயசெல்வி சோறு வடிக்கவில்லை. புருஷன் தானே வடித்து, வெஞ்சனத்துக்கு ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு, ஒரு வார்த்தை கேட்காமல் சாப்பிட்டு எழுந்தார். அவருக்குத் தெரியும், அந்த முகத்தோடு இருக்கும்போது கிட்டே போகக் கூடாது. அவளுக்கு மலைச்சாமி மேல் இருந்த கோபத்தைவிடத் தன் மேல்தான் கோபம் அதிகம். எத்தனை சாயங்காலம் அந்த அசிங்கத்தை முழுசாகக் கேட்டிருக்கிறாள். கேட்டுவிட்டு, 'ஆபரேட்டர் பொறுமையாகப் பதில் சொன்னார்' என்று எழுதியிருக்கிறாள். தூ என்று இருந்தது.

மறுநாள் சாயங்காலம் ஆபீசர் இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அவள் இன்னும் எழுதவில்லை. அப்போது முப்பத்தேழு எரிந்தது. புகார் கொடுத்த தைரியம், மனிதர் அன்றைக்குச் சீக்கிரமே ஆரம்பித்துவிட்டார். போர்டில் இருந்த பெண்ணின் தோளைத் தொட்டு, "எந்திரி" என்றாள் சகாயசெல்வி. அவளே உட்கார்ந்து வயரைச் செருகினாள்.

"நம்பர் ப்ளீஸ்."

"யாரு, புதுசா? முந்தாநேத்து வாய் பேசினவளைத் தூக்கிட்டாங்களா?" சிரித்துவிட்டு வழக்கமான பேச்சுக்குப் போனார்.

"நம்பர் ப்ளீஸ்" என்றாள் மறுபடியும். அவர் பேசிக்கொண்டே போனார். வீட்டுப் பொம்பளைங்ககிட்டப் போயிப் பேசுங்க என்றுதானே அந்தப் பிள்ளை சொன்னாள்? அதில் என்ன தப்பு? சகாயசெல்வி வயரின் மறுமுனையை எடுத்து முப்பத்தெட்டில் செருகி மணி அடித்தாள். அவர் பக்கம் மணி கேட்காமல், லைனைத் திறந்து மூடுகிற போர்டுச் சாவியை மூடி வைத்திருந்தாள். அந்தப் பக்கம் ரிசீவரை எடுத்ததும் திறந்துவிட்டாள்.

அவர் நிறுத்தவில்லை. நன்றாக வேகம் எடுத்திருந்தது. ஒரு முழுப் பாட்டும் பாடி முடித்துவிட்டு, "என்ன, சத்தத்தையே காணோம்?" என்றார்.

"பேசுங்க. கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றது ஒரு குரல். அவர் மனைவி அய்யம்மாள்.

முப்பத்தேழு பட்டென்று அணைந்தது. சகாயசெல்விக்கு உள்ளே ஒரு குளிர்ச்சி இறங்கியது. சரியான அடி என்று நினைத்தாள். ஆனால் முப்பத்தெட்டு அணையவில்லை.

"எக்ஸ்சேஞ்சாம்மா?" என்று கேட்டாள் அய்யம்மாள்.

"ஆமாங்க."

"தெனமும் இப்படித்தானா?"

"தெனமும்தாங்க. முந்தாநேத்து எதுத்துக் கேட்ட பொண்ணுக்கு இன்னையோட வேலை போகுது."

அந்தப் பக்கம் மாட்டு மணி கேட்டது. அய்யம்மாள் குரலில் கோபமோ அழுகையோ இல்லை. "இங்க வீட்டுலயும் இதே வாய்தான் தாயி. உங்களுக்காச்சும் பிடுங்குறதுக்கு ஒரு வயரு இருக்கு" என்றாள். பிறகு, "அந்தப் பிள்ளை வேலைக்கு ஒண்ணும் ஆகாது. நான் பாத்துக்கிறேன்" என்று வைத்துவிட்டாள்.

சகாயசெல்வியின் குளிர்ச்சி போன இடம் தெரியவில்லை. அந்தப் பொம்பளையை ஒரு கல்லு மாதிரி எடுத்து அந்தாள் மேல் எறிந்திருக்கிறோம் என்று அப்போதுதான் உறைத்தது. கல்லுக்கும் வலிக்கும் என்று யோசிக்கவே இல்லை. வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்டதும் இன்னும் ஆத்திரம் வந்தது.

மறுநாள் புகார் வாபஸ். ஆபீசர் வாயெல்லாம் பல்லாக வந்தார். "மலைச்சாமி முதலாளி பெருந்தன்மையா விட்டுட்டாரும்மா. சின்னப் பொண்ணு, போகட்டும்னுட்டாரு."

"யாரு பெருந்தன்மை சார்?" என்று சகாயசெல்வி கேட்ட கேள்வியில் அவர் பல் உள்ளே போனது. அறைக்குத் திரும்பிவிட்டார்.

ஜோதிமணி போர்டில் வந்து உட்கார்ந்தாள். முப்பத்தேழு சாயங்காலங்களில் எரிவது நின்றுபோனது. பெண்கள் நிலக்கோட்டைப் பூ வாங்கி வந்து அக்கா தலையில் வைக்கப் பார்த்தார்கள். வாங்கிக்கொள்ளவில்லை. "வாபஸ் வாங்க வச்சதுக்கு அந்தம்மா என்ன வாங்கிக்கட்டுச்சோ, யாருக்குத் தெரியும்? உங்களுக்குப் பூ ஒரு கேடு" என்று எரிந்து விழுந்தாள். அவர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. ஜோதிமணிக்கு மட்டும் புரிந்தது. அவள் பூவை எடுத்துத் தன் டிபன் பெட்டிக்குள் வைத்து மூடினாள்.

அடுத்த வாரம் ஒரு சாயங்காலம் முப்பத்தெட்டு எரிந்தது. ஜோதிமணி வயரைச் செருகி, "நம்பர் ப்ளீஸ்" என்றாள். பதில் இல்லை. தூரத்தில் ஒரு ஆம்பளைக் குரல் கத்திக்கொண்டிருந்தது. ஏதோ பாத்திரம் சுவரில் பட்டு உருண்டது. ஜோதிமணி திரும்பிப் பார்த்தாள். சகாயசெல்வி ஏற்கெனவே அந்த லைனுக்குள் இருந்தாள்.

"நம்பர் ப்ளீஸ்" என்றாள் ஜோதிமணி மறுபடியும்.

"நம்பர் ஒண்ணும் வேண்டாம் தாயி." அய்யம்மாள் ரிசீவரை வாயோடு ஒட்டிவைத்துப் பேசினாள். "செத்த நேரம் யாராச்சும் லைன்ல இருங்க."

மானிட்டர் லைனில் பேசக் கூடாது. கேட்டதாகவே காட்டக் கூடாது. சகாயசெல்வி எழுந்து வந்து ஜோதிமணியின் போர்டுக்கு முன்னால் குனிந்து, பேசுகிற சாவியை அழுத்தினாள்.

"இருக்கோம்க்கா. நான் மானிட்டர் பேசுறேன். இங்க இருக்கிற அம்புட்டுப் பேரும் கேக்குறோம். போனைக் கீழ வைக்காதீங்க. கேக்குறாங்கன்னு அவருகிட்டச் சொல்லுங்க."

அய்யம்மாள் ரிசீவரை விட்டு முகத்தைத் திருப்பிச் சொல்வது கேட்டது. "எக்ஸ்சேஞ்சுல பொம்பளைங்க எல்லாரும் லைன்ல இருக்காங்க. பேசுங்க."

கத்தல் நின்றது. ஒரு கதவு சாத்துகிற சத்தம். அதன் பிறகு அய்யம்மாள் மூச்சு விடுவது மட்டும்தான் கேட்டது. ஆபீசர் அறை வாசலில் வந்து நின்று, என்ன நடக்கிறது என்று கேட்டார். ஒருத்தியும் திரும்பிப் பார்க்கவில்லை. முப்பத்தெட்டு தானாக அணைகிறவரைக்கும் ஜோதிமணி அந்த வயரில் வைத்த கையை எடுக்கவில்லை.