பின்னோக்கி இறங்கிய படகு

2005 ஐப்பசியில் கொள்ளிடம் கரைபுரண்டபோது திருமழபாடியில் அவரைப் பார்த்தேன். மீட்புக் குழுவில் கயாக் என்னும் ஒடுங்கிய துடுப்புப் படகு ஓட்டுபவர். ஒல்லியான உடம்பு, வளையாத முதுகு. ஆற்று நடுவே மணல்திட்டில் ஆடு மேய்ப்பவர் ஒருவர், தோளில் ஒரு குட்டியோடு சிக்கியிருந்தார்.

படகின் மூக்கை நீரோட்டத்துக்கு எதிராக வைத்தபடி, அவர் பின்பக்கமாகவே துடுப்பு வலித்துத் திட்டை நோக்கி இறங்கினார். சாயாமல் உட்கார்ந்து, இடுப்பைத் திருப்பி, அடிக்கடி தோளுக்கு மேலாகத் திட்டைப் பார்த்துக்கொண்டார். எனக்கோ அவர் பயந்து பின்வாங்குவதாகத் தோன்றியது.

"பயமா இருந்தா வந்துடுங்க சார், வேற ஆளு போவட்டும்" என்று கத்தினேன். கரையில் சிரித்தார்கள்.

அவர் என் பக்கம் திரும்பினார். அதற்குள் படகு குறுக்கே சுழன்று திட்டில் மோதியது. ஆட்டுக்காரர் படகைப் பிடிக்கத் தாவியபோது குட்டி வெள்ளத்தில் விழுந்து போய்விட்டது.

ஆட்டுக்காரரை மட்டும் படகுக்காரர் கரைசேர்த்தார்.

"இருந்ததே அந்த ஒத்தக் குட்டிதாங்க" என்று ஆட்டுக்காரர் அழுதார்.

"தண்ணி இழுத்தா முன்னால வலிச்சு நிறுத்தலாம்னுதான் பின்னால வந்தேன், அப்ப கண்ணு ஒங்க மேலயே இருந்திருக்கணும் அண்ணே. பராக்கு பாத்துட்டேன், என் தப்புதான்" என்றார் படகுக்காரர்.

நான் பக்கத்தில்தான் நின்றேன். கத்தியது நான் என்று சொல்லவில்லை.